தப்பிச்ச மீனோட செதில்

(எபிசோடின் ஒலிவடிவத்தைச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்.)

இந்த வாரத்துக்கு நான் எழுதி வெச்சிருந்த தலைப்பு வேற. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காசிமேட்டுல ஒரு அக்கா சொன்ன ஒரே ஒரு வரி, அதைத் தூக்கி ஓரமா வெச்சிடுச்சு.

ஞாயித்துக்கிழமை விடியக்காலை காசிமேடு எப்படி இருக்கும்னு ராயபுரம், தண்டையார்பேட்டை ஆளுங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்மண்டபம் தாண்டும்போதே வண்டி நகராது. உள்ள போனா ஏலச் சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம், காலுக்குக் கீழ தண்ணி. அந்தக் கூட்டத்துல ஒன்றரைக் கிலோ கொடுவா ஒன்னு வாங்கி, மீன் ஆய்ஞ்சு குடுக்கிற ஒரு அக்காகிட்ட நீட்டினேன். அவங்க கத்தியை வெக்கிறதுக்கு முன்னாடி மீனை ஒரு தடவை திருப்பிப் பார்த்தாங்க. "இது ஏற்கெனவே ஒரு தடவ தப்பிச்ச மீனு தம்பி"ன்னாங்க.

எப்படிக்கா தெரியும்னு கேட்டேன். முதுகுக்கும் வாலுக்கும் நடுவுல ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டையைக் காட்டினாங்க. மத்த இடத்துல எல்லாம் செதில் ஓடு வேய்ஞ்ச மாதிரி வரிசை தப்பாம இருக்கு. அந்தப் பட்டையில மட்டும் வரிசை லேசா கலைஞ்சு, நிறமும் ஒரு மாத்து கம்மி. "வலை அறுத்த எடம். செதிலு போயி மறுபடி மொளைச்சிருக்கு." சொல்லிட்டு, அடுத்த நிமிஷம் எல்லாத்தையும் சுரண்டித் தள்ளிட்டாங்க. நான் அந்தப் பட்டையில இருந்து கொஞ்சம், மத்த இடத்துல இருந்து கொஞ்சம்னு தனித்தனிக் கவர்ல செதிலை வாங்கிக்கிட்டேன். அக்கா சிரிச்சாங்க. மீனை விட்டுட்டு செதிலைக் கேட்டவன் நான்தானாம்.

வீட்டுக்கு வந்து, செதிலைக் கழுவி, போன்ல மாட்டுற சின்ன லென்ஸ் வழியாப் பார்த்தேன். சாதாரண செதில்ல நடுவுல ஒரு புள்ளி, அதைச் சுத்தி வட்டம், வட்டத்தைச் சுத்தி வட்டம். மரத்தை அறுத்தா தெரியற வளையம் மாதிரியேதான், ஆனா இன்னும் நெருக்கமா, நூல் நூலா. பட்டையில இருந்து எடுத்த செதில்ல நடுப்பகுதி மொத்தமும் காலி. பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி மாதிரி மங்கலா ஒரு திட்டு. ஓரத்துல மட்டும் வளையங்கள். அக்கா சொன்னது சரி. அந்த மீனோட வாழ்க்கையில ஏதோ ஒன்னு நடந்திருக்கு.

அதனால இந்த எபிசோட் முழுக்க செதில்.

முதல்ல ஒரு தப்பைச் சரி பண்ணிடலாம். செதில்னா மீனோட நகம் மாதிரின்னுதான் நானும் நினைச்சிருந்தேன். இல்லை. நம்ம நகமும் முடியும் மேல்தோல்ல உருவாகிற கெரட்டின்ங்கிற பொருள், உயிர் இல்லாதது, வெட்டினா வலிக்காது. பாம்பு, பல்லி செதிலும் அந்தக் கூட்டம்தான். மீன் செதில் வேற ஜாதி. அது உருவாகிறது தோலோட உள் அடுக்குல. ஒவ்வொரு செதிலும் தோலுக்குள்ள ஒரு சின்னப் பையில, சட்டைப் பாக்கெட்ல செருகின கார்டு மாதிரி உட்கார்ந்திருக்கு. முன்பாதி பைக்குள்ள, பின்பாதி வெளிய வாலைப் பார்த்து நீட்டிக்கிட்டு. வெளிய தெரியற பாதிக்கு மேலயும் மெல்லிசா மேல்தோல் போர்த்தியிருக்கும், அதுக்கு மேல வழவழப்பான கோழை. அதாவது நீங்க மீனைத் தொடும்போது செதிலைத் தொடலை, செதிலுக்கு மேல இருக்கிற உயிருள்ள தோலைத் தொடுறீங்க. செதில் உரிச்ச மீனுக்கு நடந்திருக்கிறது நகம் வெட்டுறது இல்லை, தோல் கிழியறது.

செதில் எதால ஆனதுன்னு பார்த்தா, அது எலும்புக்கும் பல்லுக்கும்தான் சொந்தம். மேல் அடுக்கு கால்சியமும் பாஸ்பேட்டும் கலந்த கெட்டியான தகடு. நம்ம எலும்புல இருக்கிற அதே தாது. அதுக்குக் கீழ கொலாஜன் நார்கள், அடுக்கு அடுக்கா. ஒரு அடுக்குல நார் ஒரு திசையில ஓடினா அடுத்த அடுக்குல வேற திசையில. பிளைவுட் பலகை ஏன் சாதாரணப் பலகையைவிட சுலபமா பிளக்காதோ, அதே காரணம்தான் இங்கயும். அமேசான் ஆத்துல அராபைமான்னு ஒரு ராட்சச மீன் இருக்கு. பிரானா மீன் கடிச்சாலும் அதோட செதில் தாங்குறதுக்கு இந்த அடுக்குதான் காரணம்னு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க.

கொலாஜன்னு சொன்னதும் ஒரு சென்னைக் கதை. இன்னிக்கு ஃபேஸ் கிரீம், பவுடர்னு எல்லாத்துலயும் விக்கிற இந்தப் புரதம் உள்ளுக்குள்ள எப்படி இருக்குன்னு முதல்ல சரியாச் சொன்னது மெட்ராஸ் பல்கலைக்கழகத்துல இருந்துதான். ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல அதை வெளியிட்டாங்க. மூணு இழையை முறுக்கின கயிறு. காசிமேட்டுல போட்டைக் கட்டியிருக்கிற மூணு புரிக் கயித்தை நினைச்சுக்கோங்க, அதேதான். அவங்க எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்த கொலாஜன் கங்காரு வால்ல இருந்து வந்தது. மீன் செதில்ல இருக்கிறதும் அதே மூணு புரிதான்.

சுறா மட்டும் இந்தக் கணக்குல வராது. சுறாத் தோலை வாலுல இருந்து தலைப்பக்கம் தடவிப் பார்த்திருக்கீங்களா? உப்புக் காகிதம் மாதிரி சொரசொரன்னு இருக்கும். அங்க இருக்கிறது ஒவ்வொன்னும் ஒரு குட்டிப் பல். உள்ள கூழ், சுத்தி டென்டின், மேல பல் எனாமல் மாதிரி ஒரு பூச்சு. சுறா பெருசாகும்போது அந்தப் பல் பெருசாகாது, புதுசு முளைச்சு இடைவெளியை நிரப்பும், பழசு உதிரும். கொடுவா, சங்கரா, மத்தி மாதிரி எலும்பு மீன்களுக்கு நேர் எதிர். குஞ்சா இருக்கும்போதே செதிலோட எண்ணிக்கை ஏறக்குறைய முடிவாயிடும். அதுக்கப்புறம் மீன் வளர வளர அதே செதில்கள் ஓரத்துல வளர்ந்துக்கிட்டே போகும். கெழுத்திக்கும் வாளைக்கும் செதிலே கிடையாது. வஞ்சிரத்துக்கு இருக்கு, ஆனா அவ்வளவு பொடிசு.

எலும்பு மீன் செதில் ஓரத்துலயே வளருதுங்கிறதாலதான் அந்த வளையங்கள். நல்ல சாப்பாடு கிடைச்சு வேகமா வளர்ந்த காலத்துல வளையங்களுக்கு நடுவுல இடைவெளி அதிகம். பட்டினியோ குளிரோ வந்தா வளையம் நெருங்கும். ஜெர்மனியில ஹாஃப்பவர்ங்கிறவர் 1898-ல கெண்டை மீன் செதிலை வெச்சு வயசு சொல்லலாம்னு காட்டினார். அங்க பனிக்காலம் வரும், வருஷத்துக்கு ஒரு நெருக்கமான பட்டை விழும், எண்ணிடலாம். நம்ம ஊர்ல? சென்னையில பனிக்காலம்னா மார்கழியில ஃபேன் ஸ்பீடை ஒன்னு குறைக்கிறதுதான். கடல்ல வித்தியாசம் அவ்வளவு தெளிவா விழாது. மழை, இனப்பெருக்கம், சாப்பாடு எல்லாமும் கலந்து வளையம் போடும். அதனால இங்க விஞ்ஞானிகள் செதிலை மட்டும் நம்பாம மீனோட காதுக்குள்ள இருக்கிற கல்லையும், பிடிபடுற மீன்களோட நீளத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுறாங்க.

ஆனா வருஷம் தெரியலைன்னாலும் அளவு தெரியும். செதில் வளர்ச்சியும் உடம்பு வளர்ச்சியும் ஏறக்குறைய ஒரே விகிதத்துல போகும். நார்வேயில 1910 வாக்குல ஹெர்ரிங் மீன் செதிலை வெச்சு இந்த மாதிரிப் பின்னோக்கிப் போற கணக்கைப் போட்டாங்க. என் கொடுவா விஷயத்துலயும் அதைப் போட்டுப் பார்த்தேன். பட்டையில இருந்த செதில்ல காலித் திட்டு, நடுவுல இருந்து ஓரம் வரைக்குமான தூரத்துல ஐந்துல மூணு பங்கு. மீன் வாங்கும்போது நீளம் கிட்டத்தட்ட 48 செ.மீ. அப்போ செதில் போனப்ப அது சுமார் 29 செ.மீ. இருந்திருக்கும். ஸ்கூல் ஸ்கேல் நீளம். இது தோராயம்தான், செதில் திரும்ப முளைக்கிற நாட்கள்லயும் மீன் கொஞ்சம் வளர்ந்திருக்கும். இருந்தாலும், ஒரு ஸ்கேல் நீளத்துக் கொடுவா எதுலயோ மாட்டி, உரிஞ்சு, பொழைச்சு, அதுக்கப்புறம் இன்னும் ஒரு சாண் வளர்ந்து, கடைசியில என் சட்டிக்கு வந்திருக்கு. குழம்பு சாப்பிடும்போது கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருந்துச்சு.

காலித் திட்டு ஏன்? இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

செதில் பிடுங்கினதும் பை அப்படியே இருக்கும். முதல் வேலை, ஓட்டையை மூடுறது. சுத்தி இருக்கிற மேல்தோல் செல்கள் ஊர்ந்து வந்து சில மணி நேரத்துல காயத்தைப் போர்த்திடும். இந்தச் செல்கள் ஊர்ற வேகம் பிரசித்தம். செல் எப்படி நகருதுன்னு படிக்கிற லேப்கள்ல, ஒரு மீன் செதிலைப் பிடுங்கித் தட்டுல வெச்சு, அதுல இருந்து ஊர்ந்து வெளிய வர்ற செல்லைத்தான் மைக்ராஸ்கோப்ல பார்க்கிறாங்க. மனுஷத் தோல்ல காயம்பட்டா ரத்தம் உறைஞ்சு பொருக்குத் தட்டி நாள் கணக்கா ஆகுற வேலை. மீனுக்கு நேரம் கிடையாது, ஏன்னா அது தண்ணிக்குள்ள இருக்கு. அதுக்கு அப்புறம் வரேன்.

ஒன்னு ரெண்டு நாள்ல பைக்குள்ள எலும்பு கட்டுற செல்கள் சேர ஆரம்பிக்கும். ஆஸ்டியோபிளாஸ்ட்னு பேர். நம்ம கை உடைஞ்சா மாவுக்கட்டுக்குள்ள வேலை பாக்குறதும் இந்த வகைச் செல்தான். அதுங்க முதல்ல ஒரு மெல்லிசான தகடைப் போடும். இங்கதான் விஷயம்: பழைய செதில் அந்த அளவுக்கு வர மாசக்கணக்குல, வருஷக்கணக்குல வளர்ந்தது, வளையம் வளையமா. புதுசுக்கு அந்த அவகாசம் இல்லை. பக்கத்துல இருக்கிற செதில் அளவை எட்டிப் பிடிக்கிற வரைக்கும் ஒரே ஓட்டம். அந்த ஓட்டத்துல வளையம் ஒழுங்கா விழாது. அளவை எட்டினதும் ஓட்டம் நின்னு, பழைய நிதானம் வரும், அப்பதான் மறுபடி வளையம். அடியில பிளைவுட் அடுக்குகள் நிரம்ப இன்னும் நாளாகும். அதனால மீன் வயசு பார்க்கிறவங்க எப்பவும் ஒரு மீன்ல இருந்து பல செதில் எடுப்பாங்க. நடு காலியா இருக்கிறதை ஒதுக்கிடுவாங்க. அதுல பழைய கணக்கு இல்லை.

எங்க நிறுத்தணும்னு அந்தச் செல்களுக்கு யார் சொல்றது? இதுக்குப் பதில் தேட ஒரு மீன் உதவிச்சு. வரிக்குதிரை மீன், ஜீப்ரா டேனியோ. கொளத்தூர்ல கலர் மீன் கடைகள்ல பாலித்தீன் கவர்ல தொங்குற அதே பொடி மீன். உலகம் முழுக்க ஆராய்ச்சிக் கூடத்துல நீந்துற இந்த மீனோட பூர்வீகம் நம்ம தெற்காசியாதான். 1822-ல ஹாமில்டன்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர் கங்கை மீன்களைப் பத்தி எழுதின புத்தகத்துலதான் இதுக்கு முதல்ல அறிவியல் பேர் வெச்சாங்க. இதுக்குச் செதில் முளைக்க ரெண்டு வாரம் போல ஆகும். செதில் உடம்புக்கு வெளியவே இருக்கிறதால, மீனை மயக்கத்துல படுக்க வெச்சு, உயிரோட இருக்கும்போதே மைக்ராஸ்கோப்ல பார்க்கலாம், திரும்பத் தண்ணியில விடலாம், மறுநாள் அதே செதிலைத் திரும்பப் பார்க்கலாம்.

அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகக் குழு ஒன்னு அப்படிப் பார்த்து, 2021-ல நேச்சர் இதழ்ல எழுதினாங்க. எர்க்னு ஒரு புரதம், செல்லை வளரச் சொல்ற சமிக்ஞையில அதுக்குப் பங்கு உண்டு. அது வேலை செய்யற செல்கள் ஒளிரும்படி மீன்ல மாத்தம் பண்ணியிருந்தாங்க. பார்த்தா, வளர்ற செதிலோட நடுவுல இருந்து ஒரு வளையம் கிளம்பி, ஓரத்தை நோக்கி விரிஞ்சு போகுது. குளத்துல கல் போட்டா வர்ற அலை மாதிரி. அது போய்ச் சேர்றதுக்குள்ள சில சமயம் அடுத்த அலை கிளம்பிடுது. அலை கடக்கிற இடத்துல செல்கள் வளருது.

ஏன் அலை? சும்மா ஒரு ரசாயனம் நடுவுல இருந்து கசிஞ்சு பரவக்கூடாதா? செதில் நம்ம கண்ணுக்குச் சின்னதுதான், ஆனா செல்லோட அளவுல அது பெரிய மைதானம். கசிஞ்சு பரவுறது தூரம் கூடக் கூட ரொம்ப ரொம்ப மெதுவாயிடும். சேப்பாக்கம் ஸ்டேடியத்துல மெக்சிகன் வேவ் வரும் இல்லையா? யாரும் ஒரு ஸ்டாண்ட்ல இருந்து இன்னொரு ஸ்டாண்டுக்கு ஓடலை. ஒவ்வொருத்தரும் பக்கத்துல இருக்கிறவர் எழுந்ததும் எழுந்து, உட்கார்றாங்க. சேதி மட்டும் மைதானத்தைச் சுத்தி வந்துடுது. செல்களும் அதைத்தான் பண்ணுதுங்க. எழுந்து உட்கார்ந்த செல் உடனே திரும்ப எழாது, கொஞ்ச நேரம் ஓய்வு. அதனாலதான் அலை பின்னோக்கித் திரும்பாம முன்னாடியே போகுது.

இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு கேட்டா ரெண்டு விஷயம் சொல்வேன். ஒன்னு, செதிலை உருவாக்கச் சொல்ற மரபணுக்கள் நம்மகிட்டயும் இருக்கு. ஜப்பான்ல மெடாகாங்கிற மீன்ல செதில் ஏறக்குறைய இல்லாத ஒரு ரகம் இருக்கு. 2001-ல அதோட காரணத்தைத் தேடினப்ப, மனுஷங்களுக்கு முடி, பல், வியர்வைச் சுரப்பி சரியா உருவாகத் தேவையான அதே சமிக்ஞைதான் அந்த மீன்ல பழுதாகியிருந்துச்சு. ரெண்டாவது, எலும்பு. செதில்ல எலும்பைக் கட்டுற செல்லும் இருக்கு, கரைக்கிற செல்லும் இருக்கு. விண்வெளியில ஆஸ்ட்ரோநாட்டுக்கு எலும்பு ஏன் தேயுதுன்னு பார்க்க, ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் 2010-ல தங்கமீன் செதிலைத்தான் விண்வெளி நிலையத்துக்கு அனுப்பினாங்க. முட்டை போட ஆத்துல ஏர்ற சால்மன் மீன் வழியில சாப்பிடாது, தன் செதிலோட ஓரத்தையே கரைச்சு கால்சியம் எடுத்துக்கும். அந்த அரிப்பு செதில்ல தழும்பா நிக்கும். செதில் ஒரு கவசம் மட்டும் இல்லை, சேமிப்புக் கணக்கும்கூட.

இப்போ தண்ணி விஷயம். கடல் தண்ணியில உப்பு சுமார் மூன்றரை சதவீதம். மீனோட ரத்தத்துல அதுல மூணுல ஒரு பங்கு போல. தோல்தான் நடுவுல சுவர். அது உரிஞ்சா, ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்கா தண்ணி விடுற மாதிரி, மீன் உடம்புத் தண்ணி கடலுக்குப் போக ஆரம்பிக்கும். நல்ல தண்ணி மீனுக்கு நேர் எதிர், தண்ணி உள்ள வரும். கூடவே கோழைப் படலம் போனதால கிருமிக்கு வாசல் திறந்தாச்சு. அதனாலதான் அந்த அவசரம், அதனாலதான் செல்கள் அந்த ஓட்டம் ஓடுது. பொழைக்கிறதும் பொழைக்காததும் எவ்வளவு செதில் போச்சுங்கிறதைப் பொறுத்தது.

வலையைப் பத்தி நாம ஒரு நம்பிக்கையில இருக்கோம். வலைக்கண்ணு பெருசா இருந்தா குட்டி மீன் தப்பிச்சுடும், வளர்ந்து வரும். தமிழ்நாட்டுல 1983-ல வந்த கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்துல இருந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்குமான 61 நாள் தடைக்காலம் வரைக்கும் எல்லாத்துக்கும் பின்னாடி இருக்கிறது அந்த மாதிரி யோசனைதான், யோசனை நல்லதுதான். ஆனா பால்டிக் கடல்ல பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள், இழுவை வலையில இருந்து தப்பிச்ச ஹெர்ரிங் மீன்களைப் பிடிச்சு வெச்சுக் கவனிச்சப்ப, பெரும்பகுதி செத்துப் போச்சு. முக்கியமான காரணம் உரிஞ்ச தோல், போன செதில். ஹெர்ரிங் நம்ம மத்தியோட சொந்தக்காரன். மத்தியைக் கையில எடுத்தாலே செதில் ஒட்டிக்கும் இல்லையா, அவ்வளவு லேசா உதிரும். பெரிய மீன் வாயில மாட்டினா செதிலை மட்டும் விட்டுட்டு வழுக்கித் தப்பிக்க அது உதவும். வலைக்கண்ணுல நூத்துக்கணக்கான மீன்களோட சேர்ந்து நசுங்கும்போது அதே குணம் எமனாகுது. அந்தக் கொடுவா கெட்டியான செதில்காரன், பாதிப்பும் ஒரு பட்டையோட போச்சு, பொழைச்சுது. மத்திக்கு அந்தக் கணக்கு கிடையாது.

இதே கேள்வியோட எண்ணூருக்குப் போகலாம். கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற முகத்துவாரம். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சின்னக்குப்பம், தாழங்குப்பம்னு அதைச் சுத்தி மீனவ கிராமங்கள். மடவையும் கொடுவாவும் இறாலும் குஞ்சா வளர்ற இடம் இந்த மாதிரி உப்பங்கழிதான். அதே இடத்துல அனல் மின் நிலையத்தோட சாம்பலும் சுடுதண்ணியும். 2017 ஜனவரி 28-ல காமராஜர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கசிஞ்சப்ப, அதை வாளியில அள்ளிக்கிட்டிருந்த போட்டோ உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலி பக்கம் இருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியா எண்ணெய் வந்து, படகு, வலை, மாங்குரோவ் வேர் எல்லாத்துலயும் தார் மாதிரி அப்பிடுச்சு. எண்ணூர் மீன்னு சொன்னா வாங்க ஆள் இல்லாத வாரங்கள் அது.

எண்ணெய் மீனை என்ன பண்ணும்? அதிகம் அடி வாங்குறது முட்டையும் குஞ்சும். அலாஸ்காவுல 1989-ல எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டினதுக்கு அப்புறம் நடந்த ஆராய்ச்சிகள்ல, மிகக் குறைஞ்ச அளவு எண்ணெய்கூட குஞ்சோட இதயத்தைக் கோணலாக்கும்னு தெரிஞ்சுது. பெரிய மீன்ல தோல். 2010-ல மெக்சிகோ வளைகுடாவுல எண்ணெய்க் கிணறு வெடிச்சதுக்கு அடுத்த வருஷம், அங்க ரெட் ஸ்னாப்பர் மாதிரி மீன்கள்ல தோல் புண் அதிகம்னு மீனவர்கள் சொன்னாங்க. நம்ம சங்கராவோட நெருங்கின சொந்தம் அது. விஞ்ஞானிகள் போய்ப் பிடிச்சுப் பார்த்தாங்க. எண்ணெய்தான் காரணமா இருக்க வாய்ப்பு அதிகம்னு எழுதினாங்க. மீன் தொடர்ந்து நெருக்கடியில இருந்தா, கார்டிசால்ங்கிற ஹார்மோன் ஏறி, காயம் ஆறுறதும் தாமதமாகும். செதில் திரும்ப முளைக்கிறது இலவசம் இல்லை, அதுக்குச் சாப்பாடும் கால்சியமும் நிம்மதியான தண்ணியும் வேணும்.

எண்ணூர்ல ஒவ்வொரு பிரச்சனைக்கு அப்புறமும் ஒரு வாதம் திரும்பத் திரும்ப வரும். மீனவர்கள் சொல்வாங்க, "முன்னாடி இங்க எவ்வளவு மீன் தெரியுமா?" எதிர்ல இருக்கிறவங்க கேப்பாங்க, "எவ்வளவு? ஆதாரம்?" தாத்தா சொன்னது கமிட்டி ரிப்போர்ட்ல ஏறாது. இந்த இடத்துலதான் எனக்கு அந்தச் செதில் கவர் ஞாபகம் வருது. கனடாவுல ஸ்கீனான்னு ஒரு ஆறு. அங்க 1913-ல இருந்து சால்மன் மீன் செதிலைச் சேகரிச்சு, நோட்டுப் புத்தகத்துல ஒட்டி வெச்சிருந்தாங்க, வயசு பார்க்கிறதுக்காக. டி.என்.ஏ.ன்னா என்னன்னே தெரியாத காலம். நூறு வருஷம் கழிச்சு ஆராய்ச்சியாளர்கள் அந்தக் காய்ஞ்ச செதிலோட டி.என்.ஏ.வை எடுத்து, எந்தக் கிளை ஆத்துல இருந்து எத்தனை பங்கு மீன் வந்துச்சுன்னு பிரிச்சுக் கணக்குப் போட்டாங்க. அந்தக் காலத்துல இருந்த காட்டு சால்மன் இன்னிக்கு இருக்கிறதைவிட ரொம்ப அதிகம்னு தெரிஞ்சுது. தாத்தாக்கள் சொன்னது சரின்னு செதில் சாட்சி சொல்லிடுச்சு.

செதில்ல உலோகங்களும் சேரும். அதனால மீனைக் கொல்லாம ரெண்டு செதில் எடுத்துப் பார்த்தே அது இருந்த தண்ணியைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கலாம்னு பல நாட்டுல முயற்சி பண்றாங்க. எடுத்த இடத்துல திரும்ப முளைச்சிடும், அதனால மீனுக்கும் பெரிய நஷ்டம் இல்லை. காசிமேட்டுல ஒவ்வொரு காலையும் செதில் கூடை கூடையா குப்பைக்குப் போகுது. நான் இதைக் குறையாச் சொல்லலை, மீன் ஆயறவங்க வேலை அது இல்லை. ஆனா எங்க பிடிச்ச மீன், என்னிக்குப் பிடிச்சதுன்னு எழுதி, ஒரு காகிதக் கவர்ல பத்து செதில் போட்டுக் காய வெச்சு எடுத்து வெக்கிறதுக்கு ஆகுற செலவு டீ காசுகூட இல்லை.

வீட்டுலயே பார்க்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு: கொடுவா, சங்கரா, ஜிலேபி மாதிரி கொஞ்சம் பெரிய செதில் மீனா வாங்குங்க. ஆயறதுக்கு முன்னாடியே மார்புத் துடுப்புக்குப் பின்னாடி இருந்து அஞ்சு, வால் பக்கம் இருந்து அஞ்சு செதிலைக் கையாலயே பிடுங்கி எடுங்க. சோப்புத் தண்ணியில ஊற வெச்சு, பழைய பிரஷ்ஷால மேல ஒட்டியிருக்கிற தோலைத் தேய்ச்சு எடுங்க. எடுத்ததும் வெள்ளி நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆயிடும். பளபளப்பு செதிலோடது இல்லை, தோல்ல இருக்கிற குவானின் படிகங்களோடது. ரெண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவுல வெச்சு, டார்ச்சை அடியில பிடிச்சு, லென்ஸ் வழியாப் பாருங்க. கொடுவா, சங்கரான்னா ஒரு ஓரத்துல சீப்புப் பல் மாதிரி இருக்கும், ஜிலேபின்னா ஓரம் வழவழன்னு இருக்கும். நடு காலியா இருக்கிற செதில் கிடைச்சா போட்டோ எடுத்து அனுப்புங்க, எந்த மீன், எங்க வாங்கினதுன்னும் எழுதுங்க.

போன வாரம் திரும்பக் காசிமேடு போய், அக்காகிட்ட போன்ல எடுத்த படத்தைக் காட்டினேன். காலித் திட்டு, ஓரத்துல வளையம், எல்லாத்தையும் விளக்கினேன். ஸ்கேல் நீளம் இருக்கும்போது மாட்டினதுன்னும் சொன்னேன். பொறுமையாக் கேட்டாங்க. "அது தெரியுமே. அந்த சைஸுலதான் கழியில வலையில மாட்டும்"னாங்க. அப்புறம் என் கையில இருந்த பையைப் பார்த்து, "இன்னிக்கு மீன் வாங்குறியா, இல்ல வெறும் செதிலா?"ன்னாங்க. சங்கரா வாங்கினேன். அரைக் கிலோ. செதிலும் தனியாக் கட்டிக் குடுத்தாங்க.